கொண்டிஸ் போத்தல்

எங்கள் வீட்டில் அந்த ஊதாக் கல்லுக்குக் கொண்டிஸ் என்றுதான் பெயர். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் கொண்டி என்பவர் கிருமிநாசினியாக விற்றதால் ஒட்டிக்கொண்ட பெயர் என்பது பிறகு வாசித்துத்தான் தெரியும். கிணற்றடியில் ஒரு பழைய பால்மாப் பேணிக்குள், கடதாசியில் மடித்த ஊதாக் கல்லுகள். மாரியில் சேற்றுப்புண் வந்தால் அம்மா ஒரு சிட்டிகையைப் பேசினில் கரைத்துக் காலை வைக்கச் சொல்லுவா. பாடசாலை ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாள், 'பொட்டாசியம் பரமங்கனேற்று' என்ற லேபிளோடு அதே சாமானைக் கண்டதும் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. அந்த உரிமைதான் பிழையாகப் போனது.

உயர்தர வகுப்புக்கு ஒட்சலேற்று நியமிப்பு (ஒட்சலேற்றுக் கரைசலுக்குள் பரமங்கனேற்றைத் துளித்துளியாக விட்டு அளவு காண்பது) வைப்பதென்றால் முதல்நாளே கரைசல் செய்துவைக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் சரிவராது. அதிலுள்ள சேதனக் கசடு பரமங்கனேற்றைத் தின்று, போத்தலின் அடியில் மண்ணிறம் படியும். வடித்த நீரில் கரைத்து, கொதிக்கவைத்து, ஆறவிட்டு, கண்ணாடிப் பஞ்சில் வடிக்க வேண்டும். வடிதாளில் வடித்தால் தாளையே ஒட்சியேற்றிவிடும். பிறகு கபிலப் போத்தல். அமிலமாக்குவதற்கு ஐதான சல்பூரிக்கமிலம் மட்டுமே. ஐதரோகுளோரிக்கமிலம் விட்டால் குளோரீன் கிளம்பும். செறிந்த சல்பூரிக்கமிலத்தை நேரே கல்லின்மேல் ஊற்றினால் பச்சை எண்ணெய் போல ஒன்று உருவாகி வெடிக்கும். அதை நான் கண்டதில்லை, காணவும் விருப்பமில்லை.

நியமிப்பில் எனக்குப் பிடித்தது முதல் துளிதான். ஒட்சலேற்றை 60–70 பாகை வரை சூடாக்கியும் அந்த ஊதா போக மனமில்லாமல் நிற்கும். பிள்ளைகள் "மிஸ், பழுதாப் போச்சு" என்பார்கள். கொஞ்சம் மங்கனீசு அயன் உண்டானதும் அதுவே ஊக்கியாகி, அடுத்தடுத்த துளிகள் விழவிழ மறையும்.

அன்றைக்குக் கல்லுகள் கெதியாகக் கரையட்டும் என்று உரலில் இட்டுத் தூளாக்கினேன். மேசையில் சிந்தியதை ஒரு கடதாசியால் வழித்துக் குப்பைத் தகரத்துக்குள் போட்டேன். காலையில் றப்பர் அடைப்புக்குள் கண்ணாடிக் குழாயைச் செருகக் கிளிசரீன் தடவிய பஞ்சு அதற்குள் கிடந்தது. திரும்பிப் பியூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். எரிந்த சீனி மாதிரி ஒரு மணம். பார்த்தால் புகை, அதற்குள் சின்னதாய் ஊதா நாக்கு. நெருப்புக்குச்சி ஒருவரும் தட்டவில்லை. தூளும் கிளிசரீனும் சேர்ந்து தானே பற்றியிருந்தது.

மூடியால் மூடப் போனேன். "மூடாதேங்கோ, தண்ணி ஊத்துங்கோ!" என்று சேர் கத்தினார். மூடிப் பயனில்லை, எரிவதற்கு வேண்டிய ஒட்சிசன் அந்தத் தூளுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு வாளி ஊற்றிய பிறகு அடங்கியது. சேர் ஏசவில்லை. தகரத்தின் கருகிய அடியை மட்டும் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அது ஏச்சைவிட மோசம்.

விரலில் பிடித்த மண்ணிறக் கறையைப் பின்னேரம் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துக்கொண்டே அம்மாவிடம் கதையைச் சொன்னேன்.

"கொண்டிஸ் எரியிறதோ? விசர்க்கதை."

அது தான் எரியாது, மற்றதை எரியவைக்கும் என்று விளங்கப்படுத்திப் பார்த்தேன். அம்மா காதில் விழுத்தவில்லை. வழக்கம்போலப் பேசினில் ஒரு சிட்டிகை போட்டா. 10 லீற்றருக்கு 1 கிராம் போதும், வெளிர் றோசாதான் அளவு. கால் வைக்கும் முன் நான் குனிந்து, அடியில் கரையாத கல் ஏதும் கிடக்கிறதோ என்று ரோச் அடித்துப் பார்த்தேன்.