ஜன்னல் கண்ணாடியில் வழிவது நம் வீட்டுத் தண்ணீர்தான்

நவம்பர் பிறந்தால் போதும், எங்கள் படுக்கையறை ஜன்னல் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தது போல நிற்கும். லண்டன் ஈஸ்ட் ஹாமில் பழைய வாடகை வீடு, ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். கீழ்ச்சட்டத்தில் தண்ணீர் தேங்கித் தேங்கி பெயின்ட் தோலாக உரிந்து வரும், திரைச்சீலை ஓரத்தில் கடுகு சிதறிய மாதிரி கறுப்புப் பூஞ்சை.

முதல் வருடம் மழைத்தண்ணீர்தான் கசிகிறது என்று நினைத்து இடுக்கெல்லாம் சிலிகான் பூசினோம். போதாததற்கு, குளிர் வருகிறதே என்று சுவரில் இருந்த காற்றுத் துளையிலும் டேப் ஒட்டினோம். அது பெரிய தப்பு. (கேஸ் அடுப்போ பாய்லரோ இருக்கும் அறையில் அப்படி அடைப்பது உயிருக்கே ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள்.) ஈரம் இரட்டிப்பானது.

ஏனென்றால் அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வரவே இல்லை. நான்கு பேர் இரவெல்லாம் விடும் மூச்சு, இட்லிப் பானை, குக்கர், வெந்நீர்க் குளியல், எல்லாவற்றுக்கும் மேலே, அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் காயப்போடும் துணி. ஒரு தடவை துவைத்த துணி, மெஷின் பிழிந்த பிறகும், சுமார் 2 லிட்டர் தண்ணீரை வைத்திருக்கும். அது முழுக்க அறைக் காற்றுக்குத்தான் போகிறது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவி வரை தாங்கும், 5 டிகிரியில் 7 கிராம்தான். வெளியே 0 டிகிரி என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கமே 5, 6 டிகிரிக்கு இறங்கிவிடும். அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தால் 12 டிகிரியிலேயே நீர் கோக்கத் தொடங்கும். அப்புறம் கண்ணாடி வியர்க்காமல் என்ன செய்யும்?

ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி சமையலறையில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இட்லி ஊற்றும்போது 58, பானையைத் திறந்து கொஞ்ச நேரத்தில் 74. அதைப் பார்த்த அன்றுதான் சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைக்கும் பழக்கம் வந்தது.

காலையில் எழுந்ததும் எல்லா ஜன்னலையும் 10 நிமிடம் அகலத் திறக்கிறோம். சூடெல்லாம் போய்விடுமே என்று என் மாமியார் பதறினார், ஆனால் சுவரும் சாமான்களும் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் அறை சீக்கிரம் தேறிவிடுகிறது. மழை நாளில் திறந்தால் ஈரம் உள்ளே வராதா என்றும் கேட்டார். வராது. 3 டிகிரி மழைக்காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 35 சதவீதத்தைத் தாண்டாது. இந்தக் கணக்கை நம்புவதற்கு எனக்கே இரண்டு நாள் ஆனது.

துணி இப்போது குளியலறையில், கதவைச் சாத்தி, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபயர் போட்டுக் காய்கிறது. அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். கண்ணாடியைத் துடைத்த துணியை ரேடியேட்டரில் போடாமல் சிங்க்கில் பிழிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதே தண்ணீர் திரும்பக் கண்ணாடிக்கே வரும். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவில் மூட்டம் என்றால் விஷயம் வேறு, அது சீல் போய்விட்டது, கண்ணாடியை மாற்ற வேண்டியதுதான்.

எல்லாப் பழியையும் நம் சமையல் மேல் போடுகிறவர்களை மட்டும் நம்பாதீர்கள். குளியலறை ஃபேன் ஓடவில்லை என்று வீட்டுக்காரர் தரப்பிடம் சொன்னபோது, நீங்கள் அதிகம் வேகவைக்கிறீர்கள் என்றுதான் எங்களுக்குப் பதில் வந்தது. ராச்டேலில் 2020 டிசம்பரில் ஆவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை வீட்டுப் பூஞ்சையால் இறந்துபோனது, அவன் பெயரிலேயே இங்கே சட்டம் வந்திருக்கிறது. அதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கருவியின் அளவுகளைத் தேதியோடு படமெடுத்து, எழுத்திலேயே புகார் அனுப்பினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு ஃபேனை மாற்றினார்கள்.