ஆபரேஷனில் எடுத்த பித்தப்பை யாருடையது?

பித்தப்பையை எடுத்த கையோடு அது ஒரு அகலவாய் டப்பாவுக்குள் போகிறது. திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் என்ற ரசாயனத்தைத் திசுவின் அளவைப்போல் பத்து மடங்கு ஊற்றுகிறார்கள். லேபிளை மூடியில் ஒட்டக்கூடாது, டப்பாவின் பக்கவாட்டில்தான் ஒட்ட வேண்டும். மூடி மாறினால் ஆளே மாறிவிடுவார். பெயர், நோயாளி எண், எந்த உறுப்பு, எந்தப் பக்கம், எடுத்த தேதி, நேரம் எல்லாம் எழுதியாகிவிடும். உரிமையாளர் யார் என்று மட்டும் அதில் ஒரு கட்டம் கிடையாது. சட்டப் புத்தகங்களிலும் பெரும்பாலும் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. காலியாக விட்ட இடத்தை யார் முதலில் நிரப்புகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

உடம்போடு ஒட்டியிருக்கும்வரை சிக்கல் இல்லை. உங்கள் கை உங்கள் சொத்து அல்ல, அது நீங்கள்தான். இங்கிலாந்தில் கொள்ளையடிக்கப் போன ஒருவர் ஜாக்கெட்டுக்குள் விரலை நீட்டி, துப்பாக்கி வைத்திருப்பதுபோல் மிரட்டினார். போலித் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காகவும் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 2005-ல், அப்போது அங்கே உச்சபட்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. தன்னைவிட்டுத் தனியாக இருக்கும் பொருளைத்தான் ஒருவர் வைத்திருக்க முடியும், விரல் அப்படித் தனியாக இல்லையே என்பது காரணம். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் சரியான தீர்ப்பு.

சொத்து இல்லை என்றால் பாதுகாப்பு குறைவு என்று நினைக்க வேண்டாம். சொத்தாக இருந்தால் கடனுக்கு ஜப்தி செய்யலாம், விவாகரத்தில் பங்கு கேட்கலாம். உடம்பை அப்படி யாரும் தொட முடியாது. 1978-ல் பென்சில்வேனியாவில் உயிருக்குப் போராடிய ஒருவர், எலும்பு மஜ்ஜை பொருந்திய தன் உறவினரிடம் அதைக் கொடுக்கச் சொல்லி உத்தரவிடுமாறு கோர்ட்டுக்குப் போனார். மறுப்பது தார்மீகமாகச் சரியல்ல என்று நீதிபதி வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் உத்தரவு போடவில்லை.

வெட்டி எடுத்த நொடியில் நிலைமை தலைகீழாகிறது. பழைய ஆங்கிலச் சட்டத்தில் பிணத்துக்கு உரிமையாளர் இல்லை. அந்த விதியின் நிழல் அறுத்தெடுத்த உறுப்பின் மேலும் விழுந்தது. அதில் முதல் ஓட்டை போட்டது 1908-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம். இரண்டு தலையோடு இறந்து பிறந்த ஒரு சிசுவை மருத்துவர் ஸ்பிரிட்டில் பதப்படுத்தி வைத்திருந்தார். அது பின்னாளில் கைமாறி ஒரு காட்சிக்காரரிடம் வந்தது. போலீஸ் பறிமுதல் செய்தது. அவர் திருப்பிக் கேட்டார். உடல் பாகத்தின்மேல் முறையாக உழைப்போ திறமையோ செலுத்தி அதை வெறும் பிணம் என்ற நிலையிலிருந்து மாற்றியவருக்கு அதை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. லண்டனில் அறுவை மருத்துவர்களின் ராயல் காலேஜிலிருந்து உடல் பாகங்களைக் கடத்திச் சென்ற சிற்பி ஒருவர், 1998-ல் நடந்த வழக்கில், இவை யாருக்கும் சொந்தமில்லையே, திருட்டு எப்படி ஆகும் என்று வாதாடினார். இதே விதியைச் சொல்லித்தான் அவரது தண்டனையை மேல்முறையீட்டில் உறுதி செய்தார்கள்.

இந்த விதியில் யாரைக் காணோம் என்று பாருங்கள். பதப்படுத்தியவருக்கு உரிமை, அறுத்துச் சீவி ஸ்லைடு செய்தவருக்கு உரிமை. உறுப்பைக் கொடுத்தவர் எந்த உழைப்பும் செலுத்தவில்லையாம். மயக்கத்தில் படுத்திருந்தார், அவ்வளவுதான். தன் உடம்பிலிருந்து வந்ததையே ஒருவர் திருட முடியும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 1970-களில் இங்கிலாந்தில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய சந்தேகத்தில் மாட்டியவர்களில் ஒருவர் தான் கொடுத்த சிறுநீர் சாம்பிளைத் தொட்டியில் ஊற்றினார். இன்னொருவர் தன் ரத்த சாம்பிளைத் தூக்கிக்கொண்டு போனார். இருவரும் திருட்டுக் குற்றவாளிகள் ஆனார்கள்.

பணம் புழங்கும் இடத்தில் இது எப்படிப் போகும் என்பதற்கு ஜான் மூர் வழக்கைத்தான் எல்லோரும் எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும். 1976-ல் கலிஃபோர்னியாவின் யூசிஎல்ஏ பல்கலைக்கழக மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோய்க்காக அவருடைய மண்ணீரல் எடுக்கப்பட்டது. அதன்பின் 1983 வரை ரத்தம், மஜ்ஜை, விந்து சாம்பிள்களுக்காக சியாட்டிலிலிருந்து அவரைத் திரும்பத் திரும்ப வரவழைத்தார்கள். அவர் செல்களிலிருந்து, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகிக்கொண்டே இருக்கும் ஒரு செல் வரிசை உருவாகி, 1984-ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. 1990-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது இரண்டு விஷயம். செல்கள் மூரின் சொத்து அல்ல, அபகரிப்பு என்று வழக்குப் போட முடியாது. ஆனால் தன் ஆராய்ச்சி ஆதாயத்தை மருத்துவர் நோயாளியிடம் மறைத்தது தவறு, அதற்கு வழக்குப் போடலாம். என் பார்வையில் இரண்டாவது பாதிதான் நோயாளிக்குப் பயன்படும் பாதி. ஒப்புதல் வாங்கிய விதத்தைத் தாக்கினால் நிற்க இடம் இருக்கிறது. உரிமையைத் தாக்கினால் பெரும்பாலும் தோல்விதான்.

அந்த வழக்கில் ஒரு காகிதம் கவனிக்க வேண்டியது. செல் வரிசையில் தனக்கோ வாரிசுகளுக்கோ உள்ள உரிமைகளைப் பல்கலைக்கழகத்துக்குக் ‘கொடுக்கிறேன் / கொடுக்கவில்லை’ என்று படிவத்தில் இருந்தது. மூர் முதல்முறை ‘கொடுக்கிறேன்’ என்பதை வட்டமிட்டார். அடுத்தமுறை ‘கொடுக்கவில்லை’ என்பதை வட்டமிட்டார். அப்புறம்தான் சிகிச்சைக்கு மேல் ஏதோ நடக்கிறது என்பது வெளியே வந்தது. உரிமையே இல்லாத ஒருவரிடம் உரிமையை எழுதிக் கொடுக்கச் சொல்லி ஏன் படிவம் நீட்டுகிறார்கள்? நல்ல கேள்வி. நிறுவனத்தின் வக்கீலுக்கும் அந்தக் காலிக் கட்டம் தெரியும்.

ஆராய்ச்சிக்கு மனமுவந்து கொடுத்தாலும் கணக்கு வேறு இல்லை. செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் புராஸ்டேட் மருத்துவர் வில்லியம் கட்டலோனா 2003-ல் வேறு பல்கலைக்கழகம் போனபோது, சுமார் 6,000 நோயாளிகள் தங்கள் சாம்பிள்களை அவரிடம் அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். கொடுத்தது தானம், தானம் போனபின் திரும்பாது, சாம்பிள்கள் பல்கலைக்கழகத்துடையவை என்று 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்தது. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று படிவத்தில் இருந்ததே என்றால், இனி புதிதாகக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் அதன் பொருள் என்றார்கள்.

எதிர்ப்பக்கம் சாய்ந்த தீர்ப்பும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கீமோதெரபிக்கு முன் விந்தை உறைய வைத்த ஆறு ஆண்கள். 2003-ல் தொட்டியில் திரவ நைட்ரஜன் அளவு இறங்கி, சாம்பிள்கள் உருகிப்போயின. 2009-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விந்து அவர்களுடைய சொத்து என்று ஏற்றது. அவர்கள் சொல்லாமல் வேறு யாரும் அதைப் பயன்படுத்த முடியாது, அழிக்கச் சொல்லும் உரிமையும் அவர்களிடமே இருந்தது என்பது காரணம். ஜெர்மனியில் 1993-ல் இதேபோன்ற வழக்கில் சொத்து என்ற வழிக்கே போகவில்லை. சேமித்த விந்தை அழித்ததை உடலுக்குச் செய்த காயமாகவே எடுத்துக்கொண்டு நஷ்டஈடு கொடுத்தார்கள். பிரான்ஸ் சிவில் சட்டமோ உடலும் அதன் பாகங்களும் விளைபொருள்களும் சொத்துரிமைக்கு உட்பட்டவையே அல்ல என்று எழுதிவைத்திருக்கிறது. உறைந்த கரு என்றால் இன்னும் வேறு: 1992-ல் டென்னஸி உச்ச நீதிமன்றம் அதை ஆளும் இல்லை, பொருளும் இல்லை, இடைப்பட்ட ஒன்று என்றது. தம்பதிக்குள் கருத்து ஒத்துப்போகாவிட்டால், முன்கூட்டியே செய்துகொண்ட ஒப்பந்தம் இருந்தால் அதைத்தான் பார்ப்பேன் என்றும் சொன்னது. விந்தோ முட்டையோ கருவோ சேமிக்கப் போகிறவர்கள் மூன்று வரியைக் கட்டாயம் தேட வேண்டும்: ஒருவர் இறந்தால், பிரிந்தால், கட்டணம் கட்டாமல் விட்டால் என்ன ஆகும். மூன்றாவதைத்தான் யாரும் படிப்பதில்லை. சண்டை வருவதும் அதில்தான்.

இனி கைக்கு வேலை. ஆபரேஷன் ஒப்புதல் படிவத்தில் அகற்றிய திசுக்களை ‘மருத்துவமனை தன் விருப்பப்படி அப்புறப்படுத்தலாம்’ என்ற வாக்கியம் எங்கோ நடுவில் இருக்கும். அதோடு ‘கல்வி, ஆராய்ச்சி, வணிகப் பயன்பாடு’ மூன்றையும் ஒரே மூச்சில் சேர்த்திருப்பார்கள். கல்விக்குச் சரி, வணிகத்துக்கு வேண்டாம் என்றால் அந்தச் சொல்லை ஒற்றைக் கோட்டில் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட்டு, படிவத்தின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். கிறுக்கி அழித்தால் யார் அழித்தது என்ற விவாதம் வரும். அடித்ததை வாயாலும் சொல்லுங்கள்; ஃபைலில் போனதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஸ்ட்ரெச்சரில் படுத்தபின் இதைச் செய்ய முடியாது. முந்தைய நாளே படிவத்தைக் கேளுங்கள்.

எடுத்த உறுப்பையே வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? பித்தக்கல், சிறுநீரகக் கல் எளிது, கழுவிக் கொடுத்துவிடுவார்கள். நஞ்சுக்கொடி, வெட்டிய கால் போன்றவற்றைச் சடங்குக்காகவோ அடக்கம் செய்யவோ கேட்பவர்கள் உண்டு. தொற்று இல்லை என்றால் கொடுக்கும் இடங்களும் உண்டு. ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். காரணம் எளிமையானது. டப்பாவில் ஃபார்மலினுக்குள் போனபின் அது விஷ ரசாயனம் ஊறிய திசு. மஞ்சள் பைக்குள் போனால் எரிப்பானுக்குப் போகும் கழிவு. இரண்டிலிருந்தும் மீட்பது அநேகமாக நடக்காத காரியம். பயாப்ஸிக்குப் போக வேண்டிய உறுப்பு என்றால் முழுசாகத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. அறிக்கை வந்தபின் மிச்சத் திசுவைக் கேட்கலாம். அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர்களின் அமைப்பான சிஏபியின் விதிப்படி, அறிக்கை முடிந்து இரண்டு வாரம் ஈரத் திசுவை வைத்திருந்தால் போதும். திசுவை மெழுகில் பதித்த பாராஃபின் பிளாக்கும் அதிலிருந்து சீவிய ஸ்லைடும் பத்து வருடம்.

அந்த பிளாக்தான் பலருக்கு உயிர்நாடி. வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கும்போது அறிக்கைத் தாள் மட்டும் போதாது, பிளாக்கோ ஸ்லைடோ கேட்பார்கள். முதலில் சாயமேற்றிய ஸ்லைடையும், கூடவே சில சாயமேற்றாத ஸ்லைடுகளையும் கேட்டுப் பாருங்கள். பிளாக்கையே அனுப்பினால் அங்கே வெட்டி வெட்டி, ஊசி பயாப்ஸி போன்ற சின்னத் திசு தீர்ந்தே போகலாம். பிறகு மரபணு சோதனைக்கு ஒன்றும் மிஞ்சாது. கையொப்பமிட்ட ரசீதும் பிளாக் எண்ணும் இல்லாமல் எதையும் கையில் வாங்க வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்கவும் வேண்டாம், மெழுகு உருகும்.

உடம்புக்குள் வைத்த பொருள்கள் தனிக் கதை. செயற்கை இடுப்பு மூட்டு பழுதாகி மாற்றுகிறார்கள் என்றால், பழையது எங்கே போகிறது என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். ஆராய்ந்து பார்க்கிறோம் என்று தயாரிப்பாளரே வாங்கிப் போவது வழக்கம். பின்னால் வழக்குப் போட நேர்ந்தால் உங்கள் முக்கிய சாட்சி எதிராளியின் ஆய்வகத்தில் இருக்கும். அழிக்காமல், யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கும்படி மருத்துவமனைக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். கைமாறும் ஒவ்வொரு முறையும் யார், எப்போது என்ற பதிவு வேண்டும்.

இறந்தபின் உடல் உயிலில் எழுதி வைக்கும் பொருள் அல்ல என்று 1882-லேயே ஆங்கில நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடைமுறையில் அதைவிடப் பெரிய தடை நேரம்: எடுத்த இதயம் நாலிலிருந்து ஆறு மணி நேரம்தான் தாங்கும், விழிவெண்படலத்தை இறந்து சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். உயிலைப் பிரிப்பது காரியமெல்லாம் முடிந்த பிறகு. அதனால் பதிவேட்டில் பெயரைப் பதியுங்கள், வீட்டில் சொல்லிவையுங்கள். மறுக்காதவர் எல்லோரும் கொடையாளர் என்று 1979-லேயே சட்டம் போட்ட ஸ்பெயினில்கூட குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை.

விற்பனையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. உறுப்பு விற்பதை அமெரிக்கா 1984-லும் இந்தியா 1994-லும் தடைசெய்தன. சிறுநீரகத்துக்கு ஈரானில் அரசு மேற்பார்வையில் பணம் உண்டு. முடி விற்பதற்குப் பெரும்பாலும் தடை இல்லை. விலை வைக்கலாமா என்பதும் யாருடையது என்பதும் வேறு வேறு கேள்விகள்.

கடைசியாக எச்சில் குழாய். டிஎன்ஏ சோதனைக்குத் துப்பி அனுப்பும்போது மூன்று பொருள் பிறக்கிறது: எச்சில், அதிலிருந்து வந்த தகவல், தகவலிலிருந்து வரக்கூடிய காப்புரிமை. இயற்கையில் உள்ள மரபணுவை வெறுமனே பிரித்தெடுத்ததற்காகக் காப்புரிமை கிடைக்காது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-ல் மிரியட் என்ற மரபணு சோதனை நிறுவனத்தின் வழக்கில் சொன்னது. ஆய்வகத்தில் செயற்கையாக ஆக்கிய நகல் டிஎன்ஏவுக்கு (cDNA) கிடைக்கும். தகவலோ நிறுவனத்தின் ஆஸ்தியாகவே நடத்தப்படுகிறது. 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தபோது சுமார் 1.5 கோடிப் பேரின் மரபணுத் தகவலும் விற்பனைக்கு வந்த சொத்துகளில் இருந்தது. விலக நினைப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்: கணக்கை நீக்குவதும் எச்சில் சாம்பிளை அழிக்கச் சொல்வதும் ஆராய்ச்சி ஒப்புதலைத் திரும்பப் பெறுவதும் தனித்தனி செட்டிங்குகளாக இருக்கலாம். முதலில் உங்கள் தரவைப் பதிவிறக்கிக்கொண்டு, சாம்பிள் அழிப்பையும் ஒப்புதல் வாபஸையும் முடித்து, உறுதி மின்னஞ்சல் வந்தபின் கணக்கை மூடுங்கள். கணக்கை முதலில் மூடிவிட்டால் மற்ற இரண்டையும் எங்கே போய்க் கேட்பது என்றே தெரியாமல் போகலாம். ஏற்கெனவே முடிந்த ஆய்வுகளுக்குள் போன தகவலை எந்த வரிசையில் செய்தாலும் திரும்ப எடுக்க முடியாது.