கதவைத் திறந்தவனும் உள்ளே வந்தவனும்

படப்பிடிப்பில் என்னை 'கண்டினியூட்டி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கோலாலம்பூரில் தமிழ்த் தொடர் எடுக்கும் குழுக்கள் சின்னவை. கண்டினியூட்டி பார்ப்பவரே கிளாப் அடிப்பார், சாப்பாட்டுப் பொட்டலமும் எண்ணுவார். நானும் எண்ணியிருக்கிறேன். ஆனால் சம்பளம் ஒரே காரியத்துக்குத்தான்: போன ஷாட்டில் இருந்தது இந்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது. கிளாசில் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், எவ்வளவு மிச்சம், பள்ளிப்பை எந்தத் தோளில், மேல் பொத்தான் போட்டிருந்ததா இல்லையா. கைப்பேசியில் படம், நோட்டில் குறிப்பு.

2020 ஜனவரியில் செந்தூலில் ஒரு தொடர் ஆரம்பித்தோம். தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம் சேரும் பையனின் கதை. அடுக்குமாடி வீடு, அம்மா, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன அப்பா. பையன் பெரியவனாகிறான், அவ்வளவுதான். நடித்தவனுக்கும் 13 வயதுதான். நெற்றியில் விழும் முடியைக் கையால் தள்ள மாட்டான், வாயால் ஊதுவான். அதையும் எழுதி வைத்தேன்.

பாதிகூட முடியவில்லை, மார்ச் 18 வந்துவிட்டது. கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. மறுபடி ஜூலையில்தான் கூடினோம். வாசலில் உடல் வெப்பம் பார்த்து, மைசெஜாதரா என்ற கொரோனாச் செயலியில் பதிந்துகொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனோம். "வணக்கம்க்கா" என்று ஒரு குரல். யாரோ ஆம்பிளை என்று திரும்பினேன். முகக்கவசத்துக்கு மேலே அவன் கண்கள்.

சுவரோரம் நிறுத்தி அளந்தேன். ஜனவரிக் குறிப்பைவிட ஐந்து சென்டிமீட்டர் கூட. வேகமாக வளரும் வருடத்தில் இந்த வயதுப் பையன்கள் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர்கூட வளர்வார்களாம். அதிலும் கையும் பாதமும் முந்திக்கொள்ளும், உடம்பு பின்னால் வரும். இதெல்லாம் பிறகு படித்தது. முதலிலேயே தெரிந்திருந்தால் சப்பாத்தைப் பார்த்திருப்பேன்.

ஜனவரியில் போட்ட வெள்ளைச் சப்பாத்து இப்போது காலில் ஏறவில்லை. அவன் யாரிடமும் சொல்லாமல் வீட்டிலிருந்து போட்டு வந்த கறுப்பிலேயே ஒரு நாள் முழுக்க நடித்துவிட்டான். 2019, 2020 இரண்டு வருடமும் பள்ளியில் வெள்ளையும் செல்லும், கறுப்பும் செல்லும். 2021-இலிருந்துதான் கறுப்பு மட்டும். தெருவில் எல்லாப் பையன்கள் காலிலும் இரண்டும் கலந்து கிடந்ததில் என் கண் பழகிவிட்டது. எடிட்டிங்கில் பார்த்தால், படியேறும்போது வெள்ளை, வாசலில் கழற்றும்போது கறுப்பு. திட்டு எனக்குத்தான். நியாயமான திட்டு.

கால்சட்டை கதை வேறு. இடைநிலைப்பள்ளிப் பச்சைக் கால்சட்டையை நம் அம்மாக்கள் நீளமாகவே வாங்கி, அடியை மடித்துத் தைத்துவிடுவார்கள். எங்கள் உடுப்புக்காரரும் அப்படித்தான் செய்திருந்தார். இப்போது மடிப்பைப் பிரித்தோம். வெளுத்த பச்சைக்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்குப் புத்தம் புதுப் பச்சை. அந்தப் பட்டையை மங்க வைக்க அவர் இரண்டு நாள் தேய்த்துத் தேய்த்துத் துவைத்தார். விட்டிருக்கலாம். பையன் வளர்ந்துவிட்டான் என்று காட்டத்தானே தொடரே எடுக்கிறோம்? ஆனால் அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. என் வேலையே தோன்ற விடாது.

இதில் பெரிய தலைவலி ஒரு கதவு. வெளியிலிருந்து அவன் கதவைத் திறக்கும் ஷாட் பிப்ரவரியில் எடுத்தது. உள்ளே நுழையும் ஷாட் ஜூலையில். கதையில் இரண்டுக்கும் நடுவே ஒரு நொடி. திறந்தவன் தாழ்ப்பாள் உயரத்தில் இருந்தான், உள்ளே வந்தவனுக்கு மேலுதட்டில் பூனைமுடி. அம்மாவாக நடித்தவரை மரப்பெட்டி மேல் ஏற்றினோம். பையனைக் கொஞ்சம் குனிந்து வரச் சொன்னோம். முகக்கவசத்தின் கயிறு கன்னத்தில் போட்ட கோடு மறையப் பத்து நிமிடம் காத்திருந்தோம். மீசையை எடுக்க ஒப்பனைக்காரர் கத்தியோடு வந்தபோது மட்டும் பையன் என் பக்கம் திரும்பினான். "அக்கா, இது மட்டும் வேணாங்க்கா." பவுடரைப் பூசிச் சமாளித்தோம்.

குரலுக்குப் பவுடர் இல்லையே. தொண்டையில் குரல்வளை பெரிதாகி, குரல்நாண்கள் நீண்டு தடித்துவிடுகின்றன. பேசுகிறவனுக்கே எந்தச் சொல் எந்த உயரத்தில் வரும் என்று தெரியாது. "மகரக்கட்டு" என்றார் ஒப்பனைக்காரர். அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில் பாடுகிற பையனுக்கு இது வந்தால் ராஜபார்ட் வேஷம் போச்சு என்று பழைய கதைகளை எடுத்துவிட்டார்.

அன்று எடுத்தது தொலைபேசிக் காட்சி. "அப்பா, எப்ப வருவீங்க?" ஒரே வரி. முதல் டேக்கில் 'அப்பா' ஆழத்தில் தொடங்கி, 'எப்ப'வில் கீச்சென்று மேலே ஏறி உடைந்தது. ஒலிப்பதிவுக்காரர் சிரித்துவிட்டார், பையன் முகம் சிவந்துவிட்டது, இயக்குநர் கட் சொன்னார். அப்புறம் ஆறு டேக். ஏழாவது சுத்தமாக வந்தது, ஒளிபரப்பானதும் அதுதான். என் நோட்டில் முதல் டேக்குக்கு எதிரே 'குரல் உடைந்தது, வேண்டாம்' என்று இருக்கிறது. பதின்மூன்று பாகத்திலும் அவன் நடிக்காமல் பேசியது அந்த ஒரு வரிதான் என்று எனக்கு இப்போது படுகிறது. அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. கண்டினியூட்டி அக்காவிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை என்பது ஒரு சாக்கு.

கடைசியில் டப்பிங். ஜனவரியில் எல்ஆர்டி நகர ரயில் பாதையோரம் எடுத்த காட்சிகளில் ஆறு வரி ரயில் சத்தத்தில் முழுகிப்போயிருந்தன. திரும்பப் பேச வேண்டும், ஆனால் அந்தக் குரல் அவனிடம் இல்லை. பத்து வயதுத் தங்கச்சியைக் கூட்டிவந்தான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேச, அவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் குறை சொன்னான்.

"நான் 'அம்மா'வை அப்படி இழுக்க மாட்டேன்க்கா."

"இழுப்பான்" என்றாள் அவள், உள்ளிருந்து. "எனக்குத் தெரியும்."

நோட்டைப் புரட்டினேன். ஜனவரிப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: 'அம்மாவை இழுத்துச் சொல்கிறான், மறக்காதே.'