ஜன்னலைத் திறந்த நாள்

2020 மார்ச் 17. கொரோனாவுக்காகக் கல்லூரிகளை மூடிய அன்று, எங்கள் பல்கலைக்கழக விடுதிப் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேலம் புதிய பேருந்து நிலையத்துக்கு ஓடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

டிசம்பர் 7-ல் இறுதியாண்டுப் பிள்ளைகள் திரும்பினார்கள். வாசலில் நெற்றிக்கு நேரே வெப்பமானி, கையில் சானிடைசர். மேசை, நாற்காலி எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலில் துடைத்துத் துடைத்தே தூய்மைப் பணியாளர் அக்காக்களின் விரல் நுனி வெடித்துவிட்டது. முதல் நாளே கையுறை கொடுத்திருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்புறம் விதி மாறியது. காற்றிலும் பரவுகிறது, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார்கள். எங்கள் உணவுக்கூடத்து ஜன்னல் கொக்கிகள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. காவலர் அண்ணன் தேங்காயெண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டித் தட்டித் திறந்தார். தூரத்தில் ஏற்காட்டு மலை தெரிந்தது. எல்லோரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

இடையில் மறுபடி மூடிய கல்லூரிகள் 2021 செப்டம்பர் 1-ல் திறந்தபோது தடுப்பூசிச் சான்று கேட்டோம். கோவிஷீல்டு இரண்டாம் ஊசிக்குக் குறைந்தது 84 நாள் இடைவெளி என்று ஆகியிருந்ததால், பலர் ஒரு ஊசியோடுதான் வந்தார்கள்.

"நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்களே" என்று ஒரு அப்பா வருத்தப்பட்டார்.

"தெரியத் தெரியத்தானுங்கண்ணா மாத்த முடியும்" என்றேன்.

சரி, இப்போது எல்லாம் பழையபடி நடக்கிறது. அந்த ஜன்னலை மட்டும் நான் மூட விடுவதில்லை.