டிஸ்க்கை நீங்களே நிரப்பிப் பாருங்கள்: ஆன்சிபிள் தேர்வுக்குப் படித்த அனுபவம்

ஆர்ஹெச்சிஇ என்பது ரெட் ஹாட் நிறுவனம் லினக்ஸ் நிர்வாகிகளுக்கு நடத்தும் சான்றிதழ் தேர்வு; பல சர்வர்களை ஓரிடத்திலிருந்து இயக்கும் ஆன்சிபிள் கருவிதான் அதில் மையம். அதற்குச் சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்துதான் படித்தேன். 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் மூன்று விர்ச்சுவல் மெஷின்கள். ஒன்று கட்டளைகள் புறப்படும் கன்ட்ரோல் நோட், மற்ற இரண்டும் சர்வர்கள். இதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. தேர்வு முழுக்கச் செய்முறைதான்: 4 மணி நேரம், 300க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. கேள்விகளை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி, அதை மதிக்கிறேன். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த ஒரு பயிற்சியை மட்டும் இங்கே சொல்கிறேன்: தொலைவில் இருக்கும் சர்வர்களில் டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பது. சின்ன வேலைதான். ஆனால் இன்வென்டரி (சர்வர் பட்டியல்), ஃபேக்ட்ஸ் (சர்வரைப் பற்றி ஆன்சிபிள் திரட்டும் விவரங்கள்), லூப், நிபந்தனை எல்லாம் இதற்குள்ளேயே வந்துவிடும்.

ஆன்சிபிளுக்கு சர்வரில் தனி ஏஜென்ட் மென்பொருள் வேண்டாம். எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாகப் போகும், அங்கே பைத்தான் இருந்தால் போதும். அதனால் முதல் நாளே ஒற்றை வரியில் எல்லா சர்வரிலும் டிஸ்க் நிலவரம் காட்டும் 'டிஎஃப்' கட்டளையை ஓட்டிவிடலாம். எனக்குச் சிக்கல் அடுத்த படியில்தான் வந்தது.

80 சதவீதத்தைத் தாண்டினால் எச்சரிக்கை காட்டும் பிளேபுக் (ஆன்சிபிள் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்) ஒன்று எழுதினேன். டிஎஃப் தரும் வரியிலிருந்து எண்ணை வெட்டி எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்ட 80உடன் ஒப்பிட்டேன். பிழையைக் காட்டும் சிவப்பு எதுவும் வராமல் ஓடி முடிந்தது. சரி, சோதிப்போம் என்று 'ஃபாலொகேட்' கட்டளையால் பெரிய ஃபைல் ஒன்றை உருவாக்கி ஒரு பார்ட்டிஷனை (டிஸ்க்கின் ஒரு பகுதியை) முழுசாக நிரப்பினேன். டிஎஃப் 100 என்றது, பிளேபுக் வாயே திறக்கவில்லை. ஆனால் வெறும் 9 சதவீதம் இருந்த இன்னொரு பார்ட்டிஷனுக்கு எச்சரிக்கை வந்தது!

அரை நாள் போனது. வெட்டி எடுத்தது எண் அல்ல, ஸ்ட்ரிங், அதாவது வெறும் எழுத்துக் கோவை. ஸ்ட்ரிங்குகளை முதல் எழுத்திலிருந்துதான் ஒப்பிடும். 9 என்பது 8க்குப் பின்னால் வரும், 100இல் இருக்கும் 1 முன்னால் வரும். அவ்வளவுதான் விஷயம். எண்ணாக மாற்றும் 'இன்ட்' ஃபில்டரைப் போட்டு, 80ஐச் சுற்றியிருந்த மேற்கோள் குறியை எடுத்ததும் சரியானது. டிஸ்க்கை நிரப்பிப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்த பிளேபுக்கை நம்பியே தேர்வுக்குப் போயிருப்பேன்.

வெட்டி எடுக்கும் வேலையே வேண்டாம் என்றால் ஃபேக்ட்ஸில் பார்ட்டிஷன்களைக் காட்டும் 'மவுன்ட்ஸ்' பட்டியல் இருக்கிறது; மொத்த அளவும் மீதமும் பைட் கணக்கில் கிடைக்கும். நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் வழக்கமாக 5 சதவீத இடத்தை நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். 100 ஜிபியில் 76 செலவாகி, 5 ஒதுக்கீடாகி, 19 மீதம் இருந்தால் டிஎஃப் ஒதுக்கீட்டை விட்டுவிட்டு 80 என்று காட்டும். மொத்தத்தில் மீதத்தைக் கழித்து நீங்கள் போடும் கணக்கு 81 என்று வரும். வரம்பை ஒட்டி நிற்கும்போது இந்த ஒன்று குழப்பும். அப்புறம், டிஎஃப்பை ஷெல் மாட்யூலில் ஓட்டினால் 'சேஞ்ச்டு_வென்' என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் ஏதோ மாறியதாக ஆன்சிபிள் சொல்லும்; பார்ப்பதால் எதுவும் மாறுவதில்லை. தேர்வில் கூகுள் கிடையாது, எனவே மாட்யூல்களின் விளக்கம் தரும் 'ஆன்சிபிள்-டாக்' கட்டளையிலேயே தேடிப் பழகுங்கள்.

எங்கள் அப்பாவுக்குக் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்துக்குமே தாமிரபரணித் தண்ணீர்தான். காலையில் பேப்பர் வந்ததும், "ஏலே, பாபநாசம் எத்தனை அடிலே?" என்பார். எண்ணைச் சொன்னால் விடமாட்டார், "வரத்து எவ்வளவு?" என்று அடுத்த கேள்வி வரும். 143 அடி பாபநாசம் அணையில் 120 அடி நிற்பது மட்டும் அவருக்குப் போதாது. நானும் அதையே செய்தேன். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் பிளேபுக்கைப் போட்டு, காலையும் மாலையும் அளவைக் கன்ட்ரோல் நோடில் ஒரு ஃபைலில் எழுத வைத்தேன். 60 சதவீதத்தில் இருந்து வேகமாக ஏறும், சர்வர் பதிவுகள் சேரும் லாக் பார்ட்டிஷன், மாதக்கணக்கில் 85இல் அசையாமல் நிற்பதைவிட அவசரம் என்று அந்த ஃபைலில்தான் கண்ணால் பார்த்தேன்.

நேரம் மிச்சம் இருந்தால் இன்னும் இரண்டைப் பழகுங்கள். ஒன்று, குட்டி ஃபைல்களை ஏராளமாக உருவாக்கி, ஃபைல் ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டிய ஐநோடைத் தீர்ப்பது. இடம் இருக்கும், புது ஃபைல் மட்டும் எழுத முடியாது, 'டிஎஃப் மைனஸ் ஐ' போட்டால்தான் தெரியும். இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸின் லாக் ஃபைலை அழிப்பது. ஃபைல்களின் அளவைக் கூட்டும் 'டியூ' குறைத்துக் காட்டும், சர்வீஸ் அந்த ஃபைலைத் திறந்தே வைத்திருப்பதால் டிஎஃப் அப்படியே நிற்கும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து, உடனே பிளேபுக்கை மறுபடி ஓட்டுங்கள், எண் இறங்கியிருக்கும்.