டீப்டீன் பள்ளியும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

போர்டிங் ஸ்கூலில் நடக்கும் சிறுவர் துப்பறியும் கதைகளை இந்த வயதில் ஒழுங்காக உட்கார்ந்து படிப்பது என்று முடிவெடுத்து மூன்று மாதம் ஆகிறது. எடுத்துக்கொண்டது ராபின் ஸ்டீவன்ஸின் 'மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்' வரிசை. 2014இல் தொடங்கி 2020இல் ஒன்பதாவது நாவலோடு முடிந்தது. டீப்டீன் பெண்கள் பள்ளியைக் களமாகக் கொண்டவை ஒன்று, நான்கு, எட்டு ஆகிய மூன்றுதான். மற்றவற்றில் கதை ரயில், மாளிகை, ஹாங்காங், நாடக அரங்கு, நைல் நதி என்று வெளியே போய்விடுகிறது. ஒன்பதையும் வரிசையாகத்தான் படிக்கிறேன். ஆனால் நோட்டுப் போடுவது பள்ளிக் கதைகளுக்கு மட்டும்.

எனக்கு வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று. கொலையாளி யார் என்று சொல்லப்போகிறார்கள் என்ற வாடை அடித்ததும் புத்தகத்தை மூடிவிட வேண்டும். என் பதிலைக் காரணத்தோடு நோட்டில் எழுதிய பிறகுதான் மீதிப் பக்கம்.

முதல் நாவல். 1934, இலையுதிர் காலம். ஹேசல் வோங் என்ற பதின்மூன்று வயதுப் பெண், அறிவியல் ஆசிரியை மிஸ் பெல் ஜிம்மில் இறந்து கிடப்பதைப் பார்க்கிறாள். ஓடிப்போய்த் தோழி டெய்சி வெல்ஸை அழைத்து வருவதற்குள் உடலைக் காணோம். அப்புறம் மிஸ் பெல் ராஜினாமா செய்துவிட்டதாக ஒரு கடிதம் வேறு கிடைக்கிறது. ஆக, கொலை நடந்ததே இந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கேதான் நோட்டு உதவியது. பக்கத்தின் இடப்புறம் நேரம், வலப்புறம் ஆள். வகுப்பு முடிந்த நேரம், யார் எந்த வராந்தாவில், யாரை யார் பார்த்தார்கள். உறைவிடப் பள்ளிக்கு நேரமெல்லாம் மணியடித்துத்தான் ஓடும். சாப்பாடு, வகுப்பு, மாலைப் படிப்பு, விளக்கணைப்பு எல்லாவற்றுக்கும் மணி. யாரும் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. அதனால் ஒருவர் பத்து நிமிடம் கணக்கில் வரவில்லை என்றால் அது உடனே கண்ணில் படுகிறது. துப்பறியும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான கட்டடம் கிடையாது என்று எனக்கு அந்த அட்டவணையைப் போட்ட பிறகுதான் புரிந்தது. ஹேசலும் கதைக்குள் இதையேதான் செய்கிறாள். சந்தேகப் பட்டியல் எழுதி, ஒவ்வொரு பெயராக அடிக்கிறாள். என் பட்டியலும் அவள் பட்டியலும் ஓரிடத்தில் பிரிந்தன. அவள் அடித்த பெயரை நான் அடிக்கவில்லை.

அதற்குக் காரணம் வயதுதான் என்று நினைக்கிறேன். துணைத் தலைமையாசிரியை பதவி யாருக்கு என்ற போட்டி கதையில் வருகிறது. பதின்மூன்று வயதுக்கு அது பெரியவர்கள் சண்டை, அவ்வளவுதான். எனக்கு அந்தப் பக்கத்தைத் தாண்டவே முடியவில்லை. அன்றைய இங்கிலாந்தில் பல அரசுப் பள்ளிகளில் ஆசிரியை திருமணம் செய்துகொண்டால் வேலையை விட வேண்டும். 1944 கல்விச் சட்டம் வந்துதான் அந்தத் தடை நீங்கியது. டீப்டீன் தனியார் பள்ளி, ஆனாலும் காலம் அதே காலம். தனியாக வாழும் ஒரு ஆசிரியைக்கு அந்தப் பதவி என்றால் சம்பளம், மரியாதை, வயதான காலத்துக்கு ஒரு பிடிமானம். அந்தக் கண்ணோடு மறுபடி புரட்டினால் ஆசிரியைகள் அத்தனை பேரும் தெரிந்தவர்களாகிவிடுகிறார்கள். இதை எழுதியவர் சிறுவர்களுக்காக மழுப்பவில்லை. அங்கேயே வைத்திருக்கிறார், எடுக்கத் தெரிந்தவர் எடுத்துக்கொள்ளலாம்.

என் பதில் தவறு. ஆனால் பின்னால் போய்ப் பார்த்தால் தடயம் நான் குறித்து வைத்த அட்டவணையிலேயே இருந்தது. இரண்டு நேரங்களைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். துப்பறியும் கதைகளுக்கான பத்துக் கட்டளைகள் என்று ஆங்கிலத் துப்பறியும் கதாசிரியர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் எழுதியதில் ஐந்தாவது, கதையில் சீனர் வரக்கூடாது என்பது. மலிவான கதைகள் எல்லாம் மர்மச் சீனரை வில்லனாக்கி வந்ததால் சொன்னது. ஸ்டீவன்ஸ் அதே முப்பதுகளில் கதையை வைத்து, ஹாங்காங்கிலிருந்து வந்த சீனப் பெண்ணின் கையில் பேனாவையே கொடுத்துவிட்டார். ஹேசல் இங்கிலாந்தைப் புத்தகங்களில் படித்து, அப்படியே இருக்கும் என்று நம்பி வந்தவள். சுற்றி இருப்பவர்களைக் கவனித்தே பிழைக்க வேண்டிய நிலை. டெய்சி தெரிந்த விடையைத் தெரியாததுபோல் நடிப்பதைக் கண்டுபிடிப்பவளும் அவள்தான். உண்மையான துப்பறிவாளர் யார் என்று எனக்கு அந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது.

நான்காவது, 'ஜாலி ஃபௌல் ப்ளே'. நவம்பர் மாத வாணவேடிக்கை இரவு, பள்ளி முழுவதும் தீயைச் சுற்றி நிற்கும்போது மாணவர் தலைவி எலிசபெத் ஹர்ஸ்ட் கொல்லப்படுகிறாள். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதால் என் நேர அட்டவணை இங்கே செல்லவில்லை. அதற்குப் பதிலாக, யாருடைய ரகசியம் அவளிடம் இருந்தது என்று கோடு போட்டு இணைத்தேன். சரியான ஆளைப் பிடித்தேன். ஆனாலும் மனதில் நின்றது வேறு. ஹேசலுக்கும் டெய்சிக்கும் இடையே ஒரு கடிதத்தால் வரும் பிணக்கு. ஒரே அறையில் படுத்துக்கொண்டு பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதை அவ்வளவு நுட்பமாக எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களை இரண்டு முறை படித்தேன்.

நடுவில் உள்ள மூன்றையும் வேகமாகவே முடித்தேன். ஹாங்காங் நாவலை மட்டும் நிதானமாக. அங்கே ஹேசல் வீட்டுக்காரி, டெய்சி வெளியாள்.

இப்போது எட்டாவதில் இருக்கிறேன், 'டாப் மார்க்ஸ் ஃபார் மர்டர்'. பள்ளியின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குப் பெற்றோர்கள் எல்லாம் வந்திருக்கிறார்கள். தோழி பீனி ஜன்னல் வழியாக ஒரு கொலையைப் பார்த்துவிட்டாள். நேற்று இரவு புத்தகத்தை மூடிவிட்டேன். நோட்டில் இரண்டு பெயர் மிச்சம். ஒன்றை அடிக்க வேண்டும், பீனி சொன்னதை முதலிலிருந்து ஒருமுறை படித்துவிட்டு.