மூடுபனியில் ஆறு ஷாட்: விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) செய்முறைத் தேர்வுக்கு

ரிசல்ட் வந்துவிட்டது, தேறியாயிற்று. மனசு லேசாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். குன்னூர், கோத்தகிரி பக்கம் கேமராவோடு இறங்கப் போகிறவர்களுக்கு இது. வசனம் இல்லாமல் ஆறு ஷாட்டில் ஒரு உணர்வைச் சொல்ல வேண்டும், தேர்வில் கேள்வி இதுதான்.

க்ளோசப்பைக் கடைசிவரை செலவழிக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். எடுத்த எடுப்பிலேயே அழுகிற முகத்தைக் காட்டிவிட்டால் மிச்ச ஐந்து ஷாட்டுக்கு வேலை இல்லை.

மகனுக்காகக் காத்திருக்கும் அம்மா என்று வையுங்கள். தேயிலைத் தோட்டத்து பஸ் ஸ்டாப்.

1. வைட், அதாவது இடம் முழுக்கத் தெரியும் ஷாட். அம்மா இடது ஓரத்தில் சின்ன உருவமாக. வலப்பக்கம் முழுக்க வெறும் ரோடு. எதிர்பார்ப்பைச் சொல்வது அந்த ரோடுதான்.
2. மிட், அதாவது இடுப்புக்கு மேலே. பார்வைக்கு முன்னால் தாராளமாக வெற்றிடம், இதைத்தான் லுக்கிங் ரூம் என்பார்கள்.
3. முதல் ஷாட்டின் அதே ஃப்ரேம். பஸ் வந்து அம்மாவை மறைக்கிறது, நகர்கிறது. அம்மா மட்டும் நிற்கிறார்.
4. அதே மிட். இப்போது மூக்கை ஃப்ரேம் விளிம்பில் ஒட்டிவிட்டு, முதுகுப் பக்கம் இடம் விடுங்கள். பார்க்கிறவருக்கே மூச்சு முட்டும். இரண்டாவது ஷாட்டில் முறையாக இடம் விட்டிருந்தால்தான் இது தெரிந்தே செய்தது என்று புரியும். இல்லாவிட்டால் தப்பு என்று மார்க் போய்விடும்.
5. மஞ்சப்பையின் காதை முறுக்கும் விரல்கள்.
6. முகம். 85 எம்எம் லென்ஸ், கண் மட்டம். அகலமாகக் காட்டும் 24 எம்எம் லென்ஸைக் கிட்டே கொண்டுபோனால் மூக்கு புடைத்துச் சோகமே கெட்டுவிடும்.

எடுக்கும் வரிசை வேறு. 1, 3 இரண்டையும் அடுத்தடுத்து முதலில் முடியுங்கள், ட்ரைபாடைத் தொடாமல். இடையில் மூட்டம் கலைந்தால் இரண்டும் ஒட்டாது. விரலையும் முகத்தையும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்.

மூட்டத்தில்:
- கேமராவின் ஒளி மீட்டரை அப்படியே நம்பினால் வெண்பனி அழுக்குச் சாம்பலாகும். எக்ஸ்போஷரைச் சுமார் 1 ஸ்டாப் (ஒளி இரு மடங்கு) கூட்டுங்கள். ஹிஸ்டோகிராம் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டக்கூடாது.
- ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) ஆட்டோ வேண்டாம், பகல் வெளிச்சத்துக்கான 5600 கெல்வினில் வையுங்கள். ஃபோகஸ் மேனுவல்.
- க்ளோசப்புக்கு 2 மீட்டருக்குள் நில்லுங்கள். தள்ளி நின்றால் நடுவில் இருக்கும் பனி முகத்தை வெளிறடித்துவிடும்.
- ஸ்பேர் பேட்டரி சட்டைப்பையில், உடம்புச் சூட்டில்.
- குளிரிலிருந்து அறைக்குள் வந்ததும் கேமரா பையின் ஜிப்பைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் போகட்டும், இல்லையென்றால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும்.

பஸ் நேரத்தை முந்தின நாளே டீக்கடையில் கேட்டு வையுங்கள். அதைத் தவறவிட்டால் மூன்றாவது ஷாட் கிடையாது.